டிரெஸ்ஸிங் மேல் தேதி இருக்கிறதா?

சென்னையில் நர்சிங் ஹோம் என்றால் தெருமுனையில் இருக்கும் இருபது, முப்பது படுக்கை தனியார் ஆஸ்பத்திரி. வெளிநாடுகளில் அதே பெயரில் நடப்பது, நடமாட முடியாத முதியவர்களை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். இங்கே அந்த வேலையை முதியோர் இல்லங்களும், 'அசிஸ்டட் லிவிங்' என்று பலகை மாட்டிய வீடுகளும், வந்து தங்கும் ஹோம் நர்ஸ்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பலகை எதுவானாலும் படுக்கைப்புண் ஒன்றுதான். அது ஆறாமல் போகும் வழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: டாக்டர் ஒன்று சொல்கிறார், கேஸ் ஷீட்டில் வேறொன்று ஏறுகிறது, கட்டில் பக்கத்தில் மூன்றாவதாக ஏதோ நடக்கிறது.

'அலட்சியம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். சில இடங்களில் அது உண்மையும் கூட. ஆனால் பெரும்பாலான தவறுகள் ஆர்டர் எழுதும் பேனாவிலேயே தொடங்கிவிடுகின்றன. வழக்கமாகக் கண்ணில் படும் ஆர்டர் இது: "டெய்லி டிரெஸ்ஸிங், பீட்டாடின், ஏர் பெட், பொசிஷன் சேஞ்ச்." நான்கிலும் ஓட்டை. இடுப்பில் ஒன்று, குதிகாலில் ஒன்று என்று இரண்டு புண் இருந்தால், எதற்கு டெய்லி? பீட்டாடினால் கழுவுவதா, நனைத்து உள்ளே வைப்பதா? ராத்திரி மலம் பட்டுவிட்டால் காலை வரை விடுவதா? புதிதாக ராத்திரி டியூட்டிக்கு வந்த சிஸ்டர் யாரையும் கேட்காமல் செய்து முடிக்கிற மாதிரி எழுதினால்தான் அது ஆர்டர். மற்றதெல்லாம் ஞாபகக் குறிப்பு.

அப்படி எழுதினால் எப்படி இருக்கும்? "சேக்ரம் புண், நீளம் 6, அகலம் 4, ஆழம் 1.5 செ.மீ. நார்மல் சலைன் 100 மி.லி. விட்டுக் கழுவவும். ஓரத்துத் தோலை ஒற்றி உலர்த்தி, பேரியர் ஸ்ப்ரே. உள்ளே ஆல்ஜினேட் தளர்வாக, 2 மணிப் பக்கத்துப் பாக்கெட்டுக்குள்ளும். மேலே ஒட்டும் ஃபோம், புண்ணின் ஓரத்தைத் தாண்டி 3 செ.மீ. அடுத்த மாற்றம் 12, 14, 16 தேதிகளில். நனைந்தாலோ, கழன்றாலோ, மலம் பட்டாலோ உடனே. ஃபோம் இல்லையென்றால் போன் செய்யவும்." இதை எழுத இரண்டு நிமிஷம் கூட ஆகாது. (சேக்ரம் என்றால் முதுகின் அடியில், இடுப்புக்குப் பின்னால் உள்ள எலும்பு. பேரியர் ஸ்ப்ரே தோல் ஊறாமல் காக்கும் பூச்சு. ஆல்ஜினேட் கசிவை உறிஞ்சும் நார். ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரியான டிரெஸ்ஸிங். '2 மணி' என்பது தலையை 12 மணியாக வைத்த கடிகாரத் திசை. பாக்கெட் என்பது ஓரத்துத் தோலுக்கு அடியில் போகும் குழி.)

ஆர்டரின் கடைசி இரண்டு வரிகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'உடனே மாற்றவும்' என்ற வரி இல்லாத இடத்தில், ஊறிப்போன டிரெஸ்ஸிங் மேலேயே இன்னொரு பேடை வைத்து பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்கள். வெளியே வெள்ளையாகத் தெரியும். அடியில் ஈரம் தேங்கி, புண்ணைச் சுற்றியிருக்கும் நல்ல தோல் துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்து ஊறிக் கிழியும். அடுத்த வாரம் புண் ஒரு சென்டிமீட்டர் அகலமாகியிருக்கும். பழி சர்க்கரை மேல் விழும்.

தேதி போட்டு எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 'ஆல்டர்நேட் டே' என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை மாற்றினார்கள். அடுத்தது ஞாயிறு, அன்றைக்கு ஆள் குறைவு, விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை வரும் சிஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் கணக்குப் போட்டு, 'நேற்றுதான் முறை, இன்றைக்கு இல்லை' என்று நகர்ந்துவிடுவார். செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று நினைத்தது தொண்ணூற்றாறு மணி நேரமாகிவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வேலைக்கு மட்டம் போடவில்லை. ஒற்றைப்படைத் தேதி என்று வைத்துக்கொள்வதும் சரிவராது. 31-க்கு அடுத்த நாளே 1 வந்துவிடும்.

இன்னொரு பெரிய ஓட்டை, பொருள் மாறுவது. ஃபோம் தீர்ந்துவிட்டது, மெடிக்கல்ஸில் ஆர்டர் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு வரும். அதுவரைக்கும் சலைனில் நனைத்த காஸ் (வலைத்துணி) வைக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் சார்ட்டில் மூன்று நாளுக்கு ஒரு முறை என்ற இடைவெளி அப்படியே நிற்கிறது. ஃபோம் மூன்று நாள் தாங்கும். ஈரக் காஸை 8 முதல் 12 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், ஏசி அறையில் இன்னும் சீக்கிரம். விட்டால் காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்து எடுக்கும்போது, அரும்பிக்கொண்டிருந்த சிவப்புச் சதையும் அதோடு வந்துவிடும். பொருளை மாற்றினால் இடைவெளியையும் மாற்றி எழுத வேண்டும். இதற்கு நேர்மாறும் நடக்கிறது: மூன்று முதல் ஏழு நாள் வரை ஒட்டியே இருக்க வேண்டிய ஹைட்ரோகொலாய்டை (ஈரத்தில் ஜெல்லாகும் ஒட்டு டிரெஸ்ஸிங்) 'திறந்து பார்ப்போம்' என்று தினமும் உரிப்பது. காசும் போகிறது, தோலும் போகிறது.

பொருளோடு பொருள் சண்டை போடுவதும் உண்டு. செத்த சதையைக் கரைக்க கொலாஜனேஸ் என்ற என்சைம் களிம்பு எழுதியிருப்பார் டாக்டர். பழக்கதோஷத்தில் முதலில் பீட்டாடினால் கழுவிவிட்டுக் களிம்பு தடவுவார்கள். பீட்டாடினில் உள்ள அயோடினும் வெள்ளி கலந்த க்ரீமும் அந்த என்சைமை முடக்கிவிடும். களிம்பு வெறும் வாசலினாகிவிடும். அதேபோல், ஒட்டும் ஃபோம் போடுகிற இடத்தில் ஜிங்க் ஆக்சைடு க்ரீமைத் தாராளமாகப் பூசினால் ஃபோம் ஒட்டாது, இரண்டு மணி நேரத்தில் சுருண்டு வந்துவிடும். பீட்டாடினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியை மட்டும் கொல்வதில்லை. புதிதாக வரும் செல்லையும் சேர்த்தே கொல்கின்றன. தொற்று இருக்கும் புண்ணுக்குச் சில நாள் பீட்டாடின் என்றால் நியாயம். சிவந்து ஆறிவருகிற புண்ணுக்கு மாதக்கணக்கில் ஊற்றுவது, நாற்று நட்ட வயலில் களைக்கொல்லி அடிக்கிற கதை.

டிரெஸ்ஸிங் மாற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கே நழுவுகிறது என்று தெரியும். முதலில் வலி மாத்திரை. எழுதியிருந்தால், கைவைப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். ட்ரேயோடு மாத்திரையையும் கொண்டுவந்தால் அது வேலை செய்யத் தொடங்கும்போது கட்டுப்போட்டு முடித்திருப்பார்கள். வலியில் ஆள் நெளிவார், பாதிக் கழுவலோடு வேலை முடிந்துவிடும். பழைய டிரெஸ்ஸிங்கை எடுத்ததும் தூக்கிப் போடாமல் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும்: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், எந்தப் பக்கம் கசிந்திருக்கிறது. பிறகு அது மஞ்சள் பைக்குள். 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தமும் சீழும் பட்ட காஸ், பஞ்சு எல்லாம் மஞ்சள். ஊசி இல்லாத சிரிஞ்சும் டியூபும் சிவப்பு. அடுத்து கிளவுஸைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புது ஜோடி போட வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். அழுக்கு டிரெஸ்ஸிங்கை எடுத்த அதே கிளவுஸோடு புதுக் காஸைப் பிரித்தால், ஸ்டெரைல் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

கழுவுவது என்றால் நனைத்த பஞ்சால் துடைப்பது அல்ல. 20 மி.லி. சிரிஞ்சில் சலைனை எடுத்து, முனையில் ஊசி நீக்கிய வென்ஃப்ளான் குழாயை (டிரிப் ஏற்ற நரம்பில் போடுவது) மாட்டி, பீய்ச்சிக் கழுவ வேண்டும். 4 முதல் 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தேவை. பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றினால் அழுக்கு நகராது. ரொம்ப அழுத்தினால் கிருமி உள்ளே போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சலைன் கூடாது. புண் குளிர்ந்தால் ஆறும் வேகம் குறையும். தவறுகளிலேயே மலிவானது இது: 500 மி.லி. பாட்டிலின் ரப்பரில் ஒரு ஊசியைக் குத்தி வைத்து, மூன்று நாள், நான்கு நோயாளிகளுக்கு அதிலிருந்தே உறிஞ்சுவது. ஆளுக்கொரு 100 மி.லி. பாட்டில், திறந்தால் அன்றோடு சரி.

புண்ணின் வாசனை, நிறம் எல்லாவற்றையும், கழுவிய பிறகுதான் பார்க்க வேண்டும். ஹைட்ரோகொலாய்டுக்கு அடியில் மஞ்சள் கூழும் ஒரு வாடையும் வருவது இயல்பு. அதைச் சீழ் என்று பயந்து ஆண்டிபயாட்டிக் தொடங்கிவிடுகிறார்கள். என்ன கிருமி என்று பார்க்க அனுப்பும் கல்ச்சரும் அப்படித்தான். மேலே மிதக்கும் சீழைத் தொட்டு அனுப்பினால் எதெதுவோ வளரும். முதலில் சலைனால் கழுவி, சுத்தமான சதை தெரியும் இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஸ்வாபை (பஞ்சுக் குச்சியை) அழுத்திச் சுழற்றி, உள்ளிருந்து நீர் வரும்படி ஐந்து நொடி வைத்து எடுக்க வேண்டும். முதல் டோஸ் ஆண்டிபயாட்டிக் போவதற்கு முன்னால் எடுத்தால் இன்னும் நல்லது.

உள்ளே காஸ் வைப்பதானால் தளர்வாக, முடிந்தால் ஒரே நீளத் துண்டாக, வால் வெளியே தெரியும்படி. துண்டு துண்டாகத் திணித்தால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். இறுக்கித் திணித்தால் அதுவே அடுத்த அழுத்தம். முடித்ததும் டிரெஸ்ஸிங் மேலேயே பேனாவால் தேதி, நேரம், கையெழுத்து. சார்ட்டை நம்பாதவர்கள் கூட இதை நம்பலாம்.

வாரம் ஒரு முறையாவது அளக்க வேண்டும். தலை 12 மணி, பாதம் 6 மணி என்று வைத்து நீளம், அதற்குக் குறுக்கே அகலம், ஸ்டெரைல் ஸ்வாபை விட்டு ஆழம். 'புண் பரவாயில்லை' என்பது அளவல்ல. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டும் இரண்டு வாரத்தில் சுருங்கவில்லை என்றால் ஆர்டரையே மாற்ற வேண்டும். இரண்டு மாதமாக அதே ஆர்டர் 'கன்டின்யூ' என்று ஓடிக்கொண்டிருப்பதும் ஒரு மீறல்தான் என்பேன், அதில் டாக்டரின் கையெழுத்தே இருந்தாலும்.

ஆனால் என்னதான் விலை உயர்ந்த டிரெஸ்ஸிங் போட்டாலும், புண் மேலேயே ஆளைப் படுக்க வைத்தால் ஆறாது. பொசிஷன் மாற்றும் சார்ட்டில் பெரும்பாலும் 'இடது, நேர், வலது' என்று அச்சடித்தே இருக்கும். இடுப்பின் பின்புறம் புண் இருப்பவருக்கு 'நேர்' என்பதே கிடையாது. இடது, வலது மட்டும். அச்சடித்ததை அப்படியே பின்பற்றுகிறவர், நாளில் எட்டு மணி நேரம் அவரைப் புண் மேலேயே படுக்க வைக்கிறார், டிக் மார்க்கோடு. சாய்க்கும்போது முழுப் பக்கவாட்டில் தள்ளினால் பாரம் இடுப்பு மூட்டு எலும்பில் விழும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும், கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்தால் அது தானாக நடக்கும். நம் ஊரில் கிளவுஸில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஓட்டை போட்ட காற்று வளையமும் அப்படியே. நடுவில் விடுதலை, ஓரத்தில் நெருக்கடி. எலும்பு துருத்திய இடத்தில் ஸ்பிரிட் தேய்த்து பவுடர் போடுவதும், மசாஜ் செய்வதும் பழைய பாடம்.

ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று, இனி திருப்ப வேண்டாம் என்று நினைப்பதுதான் அடுத்த சிக்கல். ஏர் பெட் இருந்தாலும் திருப்ப வேண்டும். அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி: இடுப்புக்கு நேராக, ஏர் பெட்டுக்கும் அடியில் உள்ள மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். குறைந்தது ஒரு அங்குலக் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அவர் காற்றில் படுக்கவில்லை, கட்டிலில் படுத்திருக்கிறார். காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்: டியூப் கட்டில் சட்டத்தில் மடங்கியிருக்கும், எடைக்கு ஏற்ற அழுத்தம் வைத்திருக்க மாட்டார்கள், அல்லது பம்பை யூபிஎஸ் இல்லாத பிளக்கில் சொருகியிருப்பார்கள். மே மாதக் கத்திரியில் கரண்ட் போனால் ஃபேன் நின்றது எல்லோருக்கும் தெரியும். பெட் இறங்கியது யாருக்கும் தெரியாது. அதன் மேல் ரெக்சின், ரெக்சின் மேல் டிரா ஷீட் (இடுப்புக்கு அடியில் குறுக்கே விரிக்கும் துணி), அதன் மேல் அண்டர்பேட், டயப்பர் என்று அடுக்கினால் பெட் இருந்தும் பயனில்லை. சென்னை வியர்வைக்கு ரெக்சின் ஒன்றே போதும் தோலை வேகவைக்க.

ஒரு ஆர்டரும் இன்னொரு ஆர்டரும் மோதும் இடமும் இருக்கிறது. மூக்கு டியூபில் உணவு போகிறவருக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், புரையேறாமலிருக்க. புண்ணுக்கோ 30-க்கு மேல் போகக் கூடாது. ஆள் கீழே சறுக்கும்போது தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் இழுபடும். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு டாக்டர்கள். நடுவில் நிற்பவர் சிஸ்டர். உணவின்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வரையும் உயர்த்தி, பிறகு 30-க்கு இறக்கவும் என்று யாராவது எழுதித் தர வேண்டும். சறுக்கியவரை அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், டிரா ஷீட்டோடு இரண்டு பேர் தூக்கி மேலே வைக்க வேண்டும். ராத்திரியில் பதினைந்து பேருக்கு ஒரு ஆயா என்றால் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அந்தக் கேள்வியை ஆயாவிடம் கேட்டுப் பயனில்லை, நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

சாப்பாட்டையும் ஆர்டராகவே எழுத வேண்டும். புண் இருப்பவருக்கு உடல் எடை கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம். கஞ்சியும் இரண்டு இட்லியும் அந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக் கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரே சொல்ல வேண்டும்.

இனி சார்ட். ராத்திரி 12.00, 2.00, 4.00, 6.00 என்று நிமிஷம் பிசகாத பதிவுகள், ஒரே பேனா, ஒரே சாய்வு. இது நடந்ததை எழுதியதல்ல, டியூட்டி முடியும்போது நிரப்பியது. மதியம் 4 மணிக்கு ஸ்கேனுக்குப் போன ஆளை அதே 4 மணிக்கு வார்டில் வலது பக்கம் திருப்பியதாக எழுதியிருக்கும். முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது இதைவிட மோசம். அடுத்து வருபவர் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார். செய்ய முடியாமல் போனால் 'செய்யவில்லை, காரணம் இது' என்று எழுதுகிறவரைத் திட்டாத இடத்தில்தான் சார்ட் உண்மை பேசும்.

பார்க்க வரும் குடும்பத்தார் "நல்லா பாத்துக்கறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டால் "நல்லா பாத்துக்கறோம்மா" என்ற பதில்தான் வரும். "சிஸ்டர், அடுத்த டிரெஸ்ஸிங் எப்போ? அப்பாவுக்கு மாத்தும்போது நான் கூட நிக்கலாமா?" என்று கேளுங்கள். டிரெஸ்ஸிங் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். நம் கறுத்த தோலில் முதல் கட்டப் புண்ணின் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்த்தால் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருக்கும். குதிகாலில் காய்ந்து கறுத்து, கெட்டியாக ஒட்டியிருக்கும் பொருக்கை யாரும் பிய்க்க விடாதீர்கள்; சீழோ வீக்கமோ இல்லாதவரை அதுதான் மூடி. டிரெஸ்ஸிங் ஓரத்தில் ஈ மொய்த்தால் அன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள். புழு வைக்க ஒரு நாள் போதும்.

பேசியும் சரியாகவில்லை என்றால், எழுத்தில் கேஸ் ஷீட் நகல் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். நர்சிங் ஹோம்கள் 1997-ன் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன் விதிகள் 2018-இல் வந்தன. நர்சிங் ஹோம்களைப் பற்றிய புகாரைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்ககத்துக்கு அனுப்பலாம். 104 சுகாதார உதவி எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். முதியோர் இல்லம் என்றால் முதியோர் உதவி எண் 14567. புகாரோடு தேதி தெரியும்படி எடுத்த போட்டோவும், புண்ணின் அளவும் இருந்தால் பேச்சு நீளாது.

ஆர்டர் அதிகமாகத் தொலைவது இடம் மாறும் நாளில். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, புண்ணுக்கு 'ரெகுலர் டிரெஸ்ஸிங்' என்று இரண்டு சொல் போடுவார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியவை: கடைசியாக மாற்றிய தேதி, அடுத்த தேதி, பொருளின் முழுப் பெயர், அது கிடைக்காவிட்டால் என்ன, இன்றைய அளவு, எந்த எண்ணுக்குப் போன் செய்வது. வேக்யூம் டிரெஸ்ஸிங்கோடு (புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து மூடி, மெஷினால் கசிவை உறிஞ்சுவது) அனுப்பினால் கூடுதல் கவனம். அழுத்தம் வழக்கமாக மைனஸ் 125 மி.மீ. பாதரசம், தொற்று இல்லாத புண்ணுக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம். ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றுவிட்டால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஈரக் காஸ் வைக்க வேண்டும். நின்ற மெஷினுக்கு அடியில் ஸ்பாஞ்ச் கிருமிப் பண்ணையாகிவிடும். உள்ளே எத்தனை துண்டு ஸ்பாஞ்ச் இருக்கிறது என்பதை மேலே ஒட்டிய பிளாஸ்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று என்று எழுதியிருந்து இரண்டுதான் வெளியே வந்தால், கட்டுப்போடாமல் சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.